காலங்காட்டும் எண்ணின் எல்லை

பூதிகோட்டைக்கு அண்மையிலுள்ள கோலார் தங்கவயலில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965-ஆம் ஆண்டு டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தினரும் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளும் கூடி வளிமண்டல நியூட்ரினோக்களின் விளைவுகளைப் பதிவு செய்தனர். அந்நிகழ்ச்சிகள் மிக அரியவை. அவற்றிற்காகக் கருவிகள் மாதக்கணக்கில் விழித்திருக்க வேண்டியிருந்தது. சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. எனினும், நெடுங்காலம் இயங்கும் கருவியின் காலக்கணக்கு பிழைபடலாகாது என்பது இன்றும் நாம் மறவாதிருக்க வேண்டிய உண்மையாகும்.

பழைய கருவிகளுக்கென எழுதப்பட்ட நிரல்களை இன்று புதிய கணிப்பொறிகளில் ‘எமுலேட்டர்’ வாயிலாக இயக்குகிறோம். இல்லாத சில்லை இருப்பதுபோல் நடித்துக் காட்டும் நிரலே எமுலேட்டர். 8254 என்னும் டைமர் சில்லை எடுத்துக்கொள்வோம். தனிக் கணிப்பொறியில் இது வினாடிக்கு 11,93,182 துடிப்புகளை எண்ணும். இதன் எண்ணி 16 பிட் கொண்டது. 65,536 துடிப்புகளில், அதாவது ஏறக்குறைய 55 மில்லி வினாடியில், ஒரு சுற்று முடியும். ஐந்து இலக்கத் தூரமானி 99,999-க்குப் பின் சுழிக்குத் திரும்புவதைப் போன்றதே இது, இதில் குற்றமில்லை.

குற்றம் வேறிடத்தில் உள்ளது. எமுலேட்டர், கழிந்த நானோ வினாடிகளை 11,93,182-ஆல் பெருக்கி, 100 கோடியால் வகுத்துத் துடிப்புகளைக் கணிக்கிறது. விடை சிறியது, இடையில் தோன்றும் பெருக்குத்தொகையோ மிகப் பெரியது. குறியுடைய 64 பிட் எண்ணில் ஏறத்தாழ 92,233 கோடி கோடிக்கு மேல் இடமில்லை. 7,730 வினாடிகளில், அதாவது 2 மணி 8 நிமிடம் 50 வினாடியில், பெருக்குத்தொகை அவ்வெல்லையைக் கடந்து, பெரும்பாலும் எதிர்மறை எண்ணாகிவிடும். காலம் பின்னோக்கிப் பாயும். ஒரு வகுப்பு நேரத்திற்குள் இப்பிழை தலைகாட்டாது என்பதே இதன் தீமை.

“கருவியை அவ்வப்போது நிறுத்தி இயக்கினால் போதாதா?” என்று சிலர் வினவலாம். 2015-இல் போயிங் 787 விமானங்களின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளில், 248 நாட்கள் தொடர்ந்து மின்னோட்டம் இருப்பின் எண்ணி நிரம்பி மின்சாரம் தடைபடக்கூடும் எனக் கண்ட அமெரிக்க அதிகாரிகள், அவற்றை இடையிடையே நிறுத்துமாறு பணித்தனர். தற்காலிகக் காப்பாக அது சரியே. ஆயினும் அது பரிகாரமாகாது. அரிய நிகழ்ச்சிக்காகக் காத்திருக்கும் கருவியை நிறுத்தும் நேரமே இழப்பு நேரமாகும்.

பரிகாரம் எளிது. முழு வினாடிகளைத் தனியாகவும், எஞ்சிய நானோ வினாடிகளைத் தனியாகவும் பெருக்கிக் கூட்டுக. அல்லது இடைக் கணக்கிற்கு 128 பிட் இடம் தருக. லினக்ஸ் அமைப்பை ஆக்கியோர் இன்னும் ஒரு படி சென்று, இயக்கம் தொடங்கி ஐந்தே நிமிடங்களில் உள் எண்ணியின் 32 பிட் சுற்று முடியுமாறு தொடக்க எண்ணை வைத்தனர். ஒளிந்திருக்கும் பிழை உடனே வெளிப்பட வேண்டும் என்பதே நோக்கம்.

இம்முறையை நம் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் கைக்கொள்ளல் வேண்டும். கழிந்த காலத்தை 7,725 வினாடி எனத் தொடங்கி வைத்தால், ஆறாவது வினாடிக்குள் மாணவன் பிழையைக் கண்ணாற் காண்பான். சுழியிலிருந்து தொடங்கிச் சிறிது நேரம் ஓட்டிப் பார்ப்பது சோதனையாகாது. எல்லையின் விளிம்பிலிருந்து தொடங்குவதே சோதனையாகும்.