ஏட்டிலே சட்டம், வீட்டிலே இருட்டு!

பட்டறையிலே பாடுபட்டு வீடு திரும்பிய தோழன் விசையைத் தட்டுகிறான், விளக்கு எரியவில்லை. ஃபியூஸைப் பிடுங்கிச் சென்றுவிட்டனராம். காரணம், பாக்கி!

பாக்கியை வசூலிக்கட்டும், வேண்டாமென்பார் யார்? ஆனால், அதற்கு முறை உண்டே! 2003-ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டம், 56-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? முதலில் எழுத்து மூலம் அறிவிப்பு. பின்னர் முழுதாக 15 நாள் அவகாசம். அதன் பிறகே துண்டிப்பு!

கணக்கிலே தகராறா? கேட்ட தொகை, முந்தைய 6 மாதச் சராசரிப்படி வரும் தொகை, இவற்றில் குறைந்ததை ஆட்சேபத்தோடு கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.

தோழர்களே! உரிமை ஏட்டிலே உறங்குவது, கேட்பாரில்லாததால் அன்றோ? “அறிவிப்பு எங்கே?” என்று கேளுங்கள். படித்த தோழர்கள், படிக்காதவருக்கு மனு எழுதிக் கொடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விளக்கு சலுகையன்று, உரிமை!