வேற்றுமையா, வியாதியா?

ஒரு குழந்தை தன் தாய் பேசுகிறபடியே பேசுகிறது. அதைக் கேட்டு, அக்குழந்தைக்கு நோய் கண்டிருப்பதாகச் சொல்ல எவருக்கேனும் அதிகாரம் உண்டா? இக்கேள்வி நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். ஆயினும் அமெரிக்காவில் கறுப்பு மக்களின் குழந்தைகள் விஷயத்தில் இது நியாயஸ்தலம் வரை சென்றது. பேச்சுக் குறைகளை ஆராயும் சாஸ்திரத்தில் இன்றும் இது முற்றும் தீர்ந்தபாடில்லை. ஆகவே இதன் வரலாறு நமது வாசகர்கள் ஊன்றிக் கவனிக்கத் தக்கதாகும்.

மிச்சிகன் மாகாணத்திலுள்ள ஆன் ஆர்பர், பெரிய சர்வகலாசாலை ஒன்றைக் கொண்ட செழிப்பான நகரம். அங்கே மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர் தாங்கிய ஆரம்பப் பள்ளியில் படித்த ஏழைக் கறுப்புக் குழந்தைகள் சிலர் வாசிப்பில் பின்தங்கினர். அதற்குக் காரணம் தேடப் புகுந்தவர்கள், கற்கும் திறனில் குறை என்றும் மனக்கோளாறு என்றும் குழந்தைகள் மீதே பழி சுமத்தினர். பெற்றோர் இதற்கு உடன்படாமல் 1977-ம் வருஷம் வழக்குத் தொடுத்தனர். ஜெனீவா ஸ்மிதர்மன், வில்லியம் லபாவ் போன்ற மொழி நிபுணர்கள் சாட்சியம் அளித்தார்கள். இக்குழந்தைகளின் வீட்டுமொழி பிழை மலிந்த ஆங்கிலமன்று, தனக்கென்று இலக்கணம் உடைய வழக்கு என்பது அவர்கள் நிலைநாட்டிய உண்மை. 1979-ம் வருஷம் ஜூலை மாதம் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்புக் கூறினார். வீட்டுமொழியை உபாத்தியாயர்கள் கணக்கில் கொள்ளத் தவறியதே கல்விக்குத் தடையாயிற்று என்று கண்ட அவர், அம்மொழியை அவர்கள் அறிந்து நடக்கத் திட்டம் வகுக்குமாறு பள்ளி நிர்வாகத்துக்கு உத்தரவிட்டார். குழந்தைகளைத் திருத்த முனைந்தவர்களே பாடம் கற்க வேண்டியவர்களாயினர்!

அந்த இலக்கணம் எத்தகையது? கறுப்பு மக்கள் "ஹி ஒர்க்கிங்" என்றால் அவன் இப்போது வேலை செய்கிறான் என்பது பொருள். "ஹி பீ ஒர்க்கிங்" என்றாலோ, அவன் வழக்கமாக வேலை செய்பவன் என்பது பொருள். முதல் வாக்கியத்தில் "இஸ்" என்ற சொல் இல்லையே என்று குறை கூறுவோர் உண்டு. "இவர் எங்கள் உபாத்தியாயர்" என்று நாம் சொல்லும்போது அச்சொல்லுக்கு ஈடாக எதையும் சேர்ப்பதில்லை. அதனால் தமிழருக்கெல்லாம் நாக்கில் கோளாறு என்று கூறத் துணிவார் யார்?

மாசசூஸெட்ஸ் சர்வகலாசாலையில் ஜானிஸ் ஜாக்ஸன் என்ற ஆராய்ச்சியாளர் குழந்தைகளுக்குச் சில படங்களைக் காட்டினார். எந்நேரமும் பிஸ்கோத்துத் தின்பதற்கே பெயர்போன பொம்மை நோயுற்றுப் படுத்திருக்கிறது. பக்கத்தில் வேறொரு பொம்மை பிஸ்கோத்துத் தின்கிறது. "பீ ஈட்டிங்" என்ற வழக்கை வைத்துக் கேட்டபோது, வெள்ளைக் குழந்தைகள் அப்போது தின்பதைக் காட்டினர். கறுப்புக் குழந்தைகளோ பெரும்பாலும் படுக்கையில் கிடந்ததைக் காட்டினர். வழக்கமாகத் தின்பது அதுதானே! பொது ஆங்கிலத்தின் வினைவடிவில் இல்லாத நுட்பமொன்றை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இனி, விஷயத்தின் சிக்கலைப் பார்ப்போம். குழந்தைகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கு, கேள்விக் குறைவோ வேறு வெளிப்படையான காரணமோ இன்றியே, மொழி கைவருவதில் உண்மையான குறை உண்டென்று நிபுணர்கள் மதிப்பிடுகின்றனர். பொது ஆங்கிலம் பேசும் வீட்டில் அக்குறையின் முக்கிய அடையாளம் எது? "இஸ்" போன்ற சொற்களை விடுவதும், வினையின் இறுதியிலுள்ள "எஸ்" ஒலியை விடுவதுமேயாகும். கறுப்பு மக்களின் வழக்கில் இவ்விரண்டும் இலக்கண மரபு! பொது ஆங்கிலத்துக்கென்று செய்த பரீக்ஷையை இவர்கள் மீது பிரயோகித்தால் ஆரோக்கியமான குழந்தையும் நோயாளியாகிவிடும். நீளம் அளக்கும் கோலைக் கொண்டு நெல்லை அளப்பவனுக்கு விளைச்சல் எவ்வாறு புலனாகும்?

அமெரிக்கப் பேச்சு, மொழி, கேள்வி நிபுணர் சங்கம் 1983-ம் வருஷம் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், ஆங்கிலத்தின் எந்தக் கிளைவழக்கும் நோயாகாது என்பதை ஒப்புக்கொண்டது. காலம் தாழ்ந்தாலும் வரவேற்கத் தக்க அறிவிப்பு அது. ஆனால் அறிவிப்பு மட்டும் போதுமா? அதைத் தவறாக உணர்ந்தால் நேர்மாறான தீங்கும் விளையும். "இவர்கள் பேச்சே இப்படித்தான்" என்று சொல்லிக் கைகழுவினால், மெய்யாகவே குறையுள்ள கறுப்புக் குழந்தை உதவியின்றிக் கைவிடப்படும். இல்லாத நோயைக் கற்பிப்பது அநீதி. இருக்கும் நோயைக் காண மறுப்பதும் அநீதியே. இரண்டுக்கும் வேர் ஒன்று: அக்குழந்தையின் மொழியை அறியாமை.

பரிகாரம் இல்லாமலில்லை. ஹாரி சீமோர், தாமஸ் ரோப்பர், ஜில் டி வில்லியர்ஸ் ஆகிய மூவர் அமைத்த புதிய பரீக்ஷை 2003-லும் 2005-லும் வெளிவந்தது. வழக்குக்கு வழக்கு மாறும் அம்சங்களை விலக்கி, எல்லா வழக்குகளுக்கும் பொதுவானவற்றை அது சோதிக்கிறது. சிக்கலான கேள்வியைக் குழந்தை புரிந்துகொள்கிறதா, கதையைக் கோவையாகச் சொல்கிறதா, புதிய வினைச்சொல்லின் பொருளைச் சந்தர்ப்பத்திலிருந்து உய்த்துணர்கிறதா என்பனவே அதன் விசாரணை. இங்கே தடுமாறும் குழந்தைக்கு உதவி தேவை. மற்றக் குழந்தை தன் வீட்டுமொழியை நன்றாகக் கற்ற குழந்தை. ஆனால் கருவி மட்டும் நியாயம் வழங்கிவிடாது. அந்நாட்டுப் பேச்சு நிபுணர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் வெள்ளையர் என்பதை மறத்தல் ஆகாது.

நமக்கும் இதில் பங்குண்டு. 1965-ம் வருஷம் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிலையம் தோன்றியது முதல் இச்சாஸ்திரம் நம் நாட்டிலும் பயிலப்படுகிறது. தென்பாண்டிச் சிறுவன் "வாளப்பளம்" என்கிறான். சென்னைச் சிறுவன் "வாயப்பயம்" என்கிறான். பள்ளியில் ழகரத்தைக் கற்பிப்பது உபாத்தியாயரின் கடமை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கற்பிப்பது வேறு, சிகிச்சை வேறு. அச்சிறுவனின் தாயும் தந்தையும் அவ்வாறே பேசுகிறார்களா என்று விசாரியாமல் வைத்தியக் குறிப்பு எழுதுவது வித்தையாகாது. ஒரு ஜாதியாரின், ஒரு ஜில்லாவினரின் உச்சரிப்பை மட்டும் ஆரோக்கியத்தின் இலக்கணமாகக் கொள்ளும் பரீக்ஷை, நோயை அளப்பதன்று, அந்தஸ்தை அளப்பதாகும்.

எந்த அளவுகோலையும் கையிலெடுக்குமுன் அதைச் செய்தவர் யார், யாரை வைத்துச் செய்தார் என்று கேட்பது அறிவுடையோர் கடமை. ஆன் ஆர்பரின் ஏழைத் தாய்மார் அதைக் கேட்கத் துணிந்தார்கள். அவர்கள் கேட்டிராவிட்டால், தம் மக்களின் பேச்சுக்கு இலக்கணம் உண்டென்று எந்த நியாயஸ்தலம் கேட்டறிந்திருக்கும்?