வீரமாமுனிவர் ஊரில் மதியச் சாப்பாடு

காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற ஊரின் பெயர் தமிழரில் பலருக்குத் தெரியாது. தேம்பாவணி பாடி, சதுரகராதி தொகுத்து, பரமார்த்த குரு கதை எழுதிய வீரமாமுனிவர் 1680 நவம்பர் 8 அன்று பிறந்த ஊர் அது. வட இத்தாலியில் லொம்பார்தி மாநிலம், மாந்தோவா மாவட்டம். மிலானிலிருந்து வெனிஸ் போகும் ரயிலில் ஏறி, தெசென்சானோவில் இறங்கி, தெற்கே ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் போகவேண்டும். கார்தா ஏரிக்கு வரும் சுற்றுலாக் கூட்டம் அவ்வளவாக இந்தப் பக்கம் திரும்புவதில்லை. அதனால் இங்கே சாப்பாட்டுக் கடைகள் உள்ளூர்க்காரர்களை நம்பியே நடக்கின்றன. சென்ற இலையுதிர்காலத்தில் அப்படி ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பற்றித்தான் இந்த வாரம்.

சின்னக் கடை. வாசல் பலகையில் 'பார்' என்று போட்டிருக்கிறது. காலையில் அது காப்பிக் கடை. வேலைக்குப் போகிறவர்கள் நீண்ட மேடை ஓரம் நின்றபடியே சிறு கோப்பைக் காப்பியை இரண்டு மடக்கில் குடித்துவிட்டு, ஒரு யூரோவும் சில்லறையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். பன்னிரண்டரை மணிக்கு அதே மேசைகளின்மேல் காகித விரிப்பு ஏறுகிறது, மதியச் சாப்பாடு தொடங்குகிறது. சட்டையெல்லாம் வர்ணம் சிந்திய பெயின்டர்கள், பட்டறைத் தொழிலாளிகள், கையில் கோப்போடு வரும் அலுவலகப் பெண்கள், தனியாக வந்து செய்தித்தாள் விரிக்கும் பெரியவர். இவர்களுக்காகவே ஒரு நிலையான விலைச் சாப்பாடு உண்டு. முதலில் பாஸ்தா அல்லது சோறு, அடுத்து இறைச்சி அல்லது மீன், கூடவே காய்கறி, தண்ணீரோ கால் லிட்டர் ஒயினோ, முடிவில் காப்பி. எல்லாம் சேர்த்துப் பதினைந்து யூரோ அளவில் அடங்கிவிடும். அந்த நாட்டுக் கூலிக்கு இது நியாயமான விலை. கை வேலை செய்கிறவர் நடுப்பகலில் உட்கார்ந்து, தட்டில் பரிமாறிய சூடான சாப்பாட்டை அவசரமில்லாமல் உண்பது அந்த ஊரில் சாதாரணக் காரியம். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே நிறைவாக இருந்தது.

கரும்பலகையில் அன்றைய சமையலைச் சாக்கட்டியால் எழுதியிருந்தார்கள். முதல் தட்டுக்கு மூன்று, இரண்டாவதற்கு இரண்டு, அவ்வளவுதான். நம் நகரங்களில் வெள்ளை சாஸ், சிவப்பு சாஸ் என்று இரண்டே வகையில் பாஸ்தாவைப் பழகியவர்களுக்கு அந்தப் பலகையில் தெரிந்த பெயர் ஒன்றுகூட இருக்காது. அதில் வியப்பில்லை. வீரமாமுனிவர் பிறந்தபோது இத்தாலி என்று ஒரு நாடே இல்லை. காஸ்திலியோனே, கொன்சாகா குடும்பத்தின் ஒரு கிளை ஆண்ட தனிக் குறுநிலம். 1861இல்தான் இத்தாலி ஒரே அரசானது. மாந்தோவா நகரம் அதற்குப் பிறகும் ஐந்து ஆண்டு ஆஸ்திரியாவிடம் இருந்தது. அரசுகள் ஒன்றாகிவிட்டன, அடுப்புகள் ஆகவில்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால் பாஸ்தாவின் உருவமும் உள்ளே வைக்கும் பொருளும் பெயரும் மாறிவிடுகின்றன.

இறைச்சி வேண்டாம் என்றேன். பரிமாறிய அம்மாள் யோசிக்கவே இல்லை. "அப்படியானால் நீங்கள் பூசணி சாப்பிடுங்கள்" என்றார்.

தொர்தெல்லி தி சூக்கா, மாந்தோவாவின் பெருமை. முட்டை சேர்த்துப் பிசைந்த மாவை மெல்லிசாக இழுத்து, பூசணிக்காய்ப் பூரணம் வைத்து மடித்து, கொதிநீரில் வேகவிட்டு, உருக்கிய வெண்ணெயும் சேஜ் இலையும் ஊற்றித் தருகிறார்கள். பூரணத்தில்தான் வேலை இருக்கிறது. வேகவைத்து மசித்த பூசணியோடு, கசப்பு வாதுமை வாசம் வீசும் அமரெத்தி பிஸ்கட்டைப் பொடித்துப் போடுகிறார்கள். துருவிய பாலாடைக்கட்டி, சிறிது ஜாதிக்காய், பிறகு மொஸ்தார்தா. இந்த மொஸ்தார்தா என்பது சர்க்கரைப்பாகில் ஊறவைத்த பழம், அதில் கடுகுச் சாரம் விட்டிருப்பார்கள். வாயில் போட்டதும் இனிப்பு, அடுத்த நொடியில் ஆவக்காய் ஊறுகாய் போலக் கடுகு நெடி மூக்கில் ஏறுகிறது. இனிப்பும் உப்பும் காரமும் ஒரே கவளத்தில் வந்து, ஒன்றை ஒன்று கெடுக்காமல் நிற்கின்றன. இதுவரை நான் தின்ற பாஸ்தாவில் இதற்கு இணை கிடையாது. மாந்தோவாக்காரர்கள் இதைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில், இறைச்சி விலக்கும் விரத நாளில், வீட்டில் கூடிச் செய்வது வழக்கம்.

சுத்த சைவர்கள் ஒன்று அறிந்துகொள்ள வேண்டும். இந்தப் பகுதியின் புகழ்பெற்ற கிரானா பதானோ பாலாடைக்கட்டிக்குப் பாலைத் திரிக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைச் சேர்க்கிறார்கள். அது அந்தப் பெயருக்குரிய விதி. பழைய ரொட்டித்தூளை உருட்டிச் செய்யும் கபூன்செய் என்ற உருண்டையும் இங்கே உண்டு, ருசியானது. ஆனால் ரொட்டித்தூளை இறைச்சி ரசத்தில் நனைப்பது வழக்கம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், மறைக்காமல் சொல்வார்கள்.

இத்தனை வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் மாட்டிறைச்சியும் புழங்கும் மண்ணில் வளர்ந்தவர்தான் 1710இல் கோவாவில் வந்து இறங்கினார். மதுரை மிஷன் துறவிகளின் முறைப்படி காவி உடுத்தி, புலாலை விட்டு, சோறும் காய்கறியும் உண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்நாட்டில் இருந்தார். குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்ட எகர, ஒகர எழுத்துகளை அவர் திருத்தியதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். நாக்கையும் இப்படி மாற்றிக்கொண்டார் என்பதை அவர் ஊரில் சாப்பிடும்போதுதான் முழுதாக உணர்ந்தேன். மொழியைக் கற்பதைவிட அது எளிதாக இருந்திருக்காது.

துன்பப்பட்டவருக்குக் கைகொடுத்த வகையில் இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1859 ஜூன் 24 அன்று பக்கத்துச் சொல்பெரினோவில் பெரும்போர். காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே கொண்டுவரப்பட்டு, கோயில்களிலும் வீடுகளிலும் கிடத்தப்பட்டார்கள். எந்தப் படைச் சீருடை என்று பாராமல் ஊர்ப் பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள், காயம் கழுவினார்கள். அப்போது அங்கே இருந்த ஜெனீவா வியாபாரி ஹென்றி டுனான்ட், தன் வண்டிக்காரரைப் பிரேஷ்யா நகருக்கு அனுப்பி எலுமிச்சை, ஆரஞ்சு, சர்க்கரை, கட்டுத்துணி எல்லாம் வாங்கிவரச் செய்தார். 1862இல் அவர் எழுதிய நூலிலிருந்து பிறந்ததுதான் செஞ்சிலுவை இயக்கம். அதன் அருங்காட்சியகம் ஊர் நடுவே இருக்கிறது.

நான் எழுந்திருக்கும் நேரத்தில் தலைப்பாகை கட்டிய இருவர் மேடையருகே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். லொம்பார்திச் சமவெளியின் பால்பண்ணைகளில் பஞ்சாபிகள் பல ஆண்டுகளாக மாடு பார்க்கிறார்கள். உலகமெங்கும் போகும் கிரானா பதானோவின் பால் கணிசமாக அவர்கள் உழைப்பில் வருவது. உணவகத்தில் உட்கார்ந்து உண்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏலாக்குறிச்சிக்கும் கோனான்குப்பத்துக்கும் போய் வீரமாமுனிவர் கட்டிய கோயில்களைப் பார்த்தவர்கள் நம்மிடையே நிறைய. மிலானுக்கோ வெனிஸுக்கோ போக வாய்ப்பவர்கள் ஒரு மதியத்தை அவர் பிறந்த ஊருக்கு ஒதுக்குங்கள். பலகையில் எழுதியிருப்பதைச் சாப்பிடுங்கள், மாற்றித் தரச் சொல்லாதீர்கள். பில்லில் தலைக்கு ஒன்றிரண்டு யூரோ 'கொபெர்த்தோ' என்று இருந்தால் அது மேசைக் கட்டணம், ஏமாற்று அல்ல. தனியாக டிப்ஸ் வைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். இரண்டரைக்குப் பெரும்பாலும் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.