மூடி வைத்த உணவு

அன்பைப் பற்றி ஊருக்கு உபதேசிப்பது எளிது. வீட்டிலே காட்டுவதுதான் கடினம். இதனைப் பிளெய்ன்ஸ்பரோவில், எமது மகளின் தொடர்மாடி வீட்டில், அண்மையில் கற்றுக்கொண்டோம்.

ஏழு வயதுப் பேத்தி ஒரு மாலை எம்மிடம் வந்தாள். "அம்மம்மா, என்ரை சிநேகிதியின்ரை அம்மா, உன்னிலை எனக்கு நல்ல அன்பு எண்டு ஒவ்வொரு நாளும் அவளுக்குச் சொல்லுவா. எங்கடை அம்மா ஏன் சொல்லுறேல்லை?" என்றாள். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்ன நாம், "போய்ப் படி" என்று அதட்டி அனுப்பினோம். அவள் முகம் வாடியது. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

அவளுடைய தாய் மருத்துவமனையில் இரவு வேலை செய்பவள். தந்தை விடியுமுன் நியூயோர்க் புகையிரதத்தைப் பிடிக்கப் பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கு ஓடுபவர். இருவரும் முகம் பார்ப்பதே வாசற்படியில்தான். ஆயினும், புறப்படுமுன் கணவருக்குச் சோறும் கறியும் போட்டு மூடிவைக்க அவள் தவறுவதில்லை. அவரும் அவளுக்குத் தேநீர் ஊற்றிச் சுடுநீர்ப் போத்தலில் வைத்துவிட்டே செல்வார்.

திருமணங்களில் வாசிக்கப்படும் அன்பின் அதிகாரம், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 13ஆம் அதிகாரமாகும். அது மணமக்களுக்காக எழுதப்பட்டதன்று. பிணக்குற்றிருந்த ஒரு சபைக்கு எழுதப்பட்டது. பொது விருந்திலே சிலர் முந்தி உண்டு நிறைய, வேறு சிலர் பசித்திருந்தனர். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டுமென 11ஆம் அதிகாரத்தில் பவுல் பணிக்கிறார்.

அந்தக் கொரிந்து நகரில் பவுலுக்குத் தங்க இடங்கொடுத்தவர்கள் யார்? கிலவுதியு பேரரசன், கி.பி. 49 அளவில், யூதர்களை ரோமாபுரியிலிருந்து வெளியேற்றியபோது அகதிகளாக வந்த ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும். மூவரும் கூடாரம் செய்து பிழைத்தனர். பின்னர் எபேசுவிலிருந்து எழுதப்பட்ட அந்நிருபத்தின் முடிவில் இத்தம்பதியரின் வாழ்த்தும் உண்டு. எம்மைப் போல் இடம்பெயர்ந்து, உழைத்துக் களைத்த ஒரு வீட்டை அறிந்தவரே அன்பின் அதிகாரத்தை எழுதினார்.

மறுநாள் பேத்தியை அழைத்து, அதட்டியதற்கு மன்னிப்புக் கேட்டோம். மேசையில் மூடியிருந்த உணவைக் காட்டி, "அம்மா அன்பைச் சொல்லுற விதம் இதுதான்" என்றோம். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். "இது அப்பாவுக்கெல்லோ சொல்லுறா?" என்றாள்.

நாம் வாயடைத்துப் போனோம். எமது தாயார் அச்சொல்லை எமக்குச் சொன்னதில்லை. நாமும் எமது மகளுக்குச் சொன்னதில்லை. செயலிலே அன்பு இருந்தது. ஆனால் அதனை வாசிக்கத் தெரியாத வயதும் உண்டென்பதை மறந்துவிட்டோம்.

அன்று வேலைக்குப் புறப்பட்ட மகளிடம் நடந்ததைச் சொன்னோம். அவள் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே திரும்பிப் போனாள். அன்று அவள் வேலைக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனாள்.

அன்பான பெற்றோரே, இன்று மாலை ஜெபம் முடிந்ததும், எழுந்து போகுமுன், உங்கள் பிள்ளையிடம் அந்த ஒரு சொல்லையும் சொல்லிவிடுங்கள்.