பூகம்பமும் புளுகும்

பூமி அதிர்ந்தால் வீடு இடிகின்றது. கூடவே பலருக்குப் புத்தியும் இடிந்துவிடுகின்றது. வீடு இடியாதிருக்க நல்ல கட்டடம் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். புத்தி இடியாதிருக்கக் காலணாவும் வேண்டியதில்லை. "யார் கண்டது? எங்கே கண்டது? எப்போது கண்டது?" என்ற மூன்று கேள்விகள் போதும். இவற்றைக் கேளாத பாமரராலும், விடை தெரிந்தும் வாய் திறவாத பெரியவர்களாலும் நம் கடற்கரை பட்ட பாட்டைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம்.

2004 ஆம் வருஷம் டிசம்பர் 26 ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி 29 நிமிஷத்துக்குச் சுமத்ரா தீவின் அருகே கடலடியில் பூமி பிளந்தது. அந்த அதிர்ச்சி சில நிமிஷங்களில் உலகெங்குமுள்ள கருவிகளில் பதிவாகிவிட்டது. ஆனால் கடலலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆகவே, அலைக்கு முன்னால் ஓடிவந்து ஜனங்களை எழுப்ப உண்மைக்கு இரண்டு மணி நேரம் அவகாசமிருந்தது. வந்ததா? வரவில்லை. நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் வெள்ளம் புகுந்துவிட்டதென்ற சேதி 8 மணி வாக்கிலேயே சென்னைத் தளத்துக்கு எட்டியதென்று அப்படையின் தலைவரே பிறகு சொன்னார். வானிலை இலாகா அனுப்பிய தகவலோ, பதவியில் இல்லாத ஒரு முன்னாள் அமைச்சரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததென்று பத்திரிகைகள் எழுதின. சேதி உத்தியோகஸ்தரிடமிருந்து உத்தியோகஸ்தருக்குப் படியேறிக்கொண்டிருந்ததே தவிர, கரையிலிருந்த மீனவனிடம் இறங்கி வரவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டார்கள். அவர்களில் சுமார் 6,000 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தார்.

கிளியனூர்த் தோழர்கள் திண்டிவனம் சாலையில் புதுச்சேரிக்குப் போய், இன்னும் சற்றுத் தெற்கே சென்றால் நல்லவாடு என்ற மீனவர் கிராமம் இருக்கின்றது. அவ்வூர்ப் பிள்ளையொருவர் அன்று சிங்கப்பூரில் வேலையிலிருந்தார். அங்கே சேதியைக் கேட்டதும் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஊரிலோ மீனவருக்கு அன்றாடம் அலையின் உயரத்தை அறிவிப்பதற்காக, சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. அதில் கூவினார்கள், ஜனங்கள் ஓடினார்கள். படகுகள் போயின, உயிர் ஒன்றும் போகவில்லை. அவர்களைக் காத்தது எந்தத் தெய்வம்? ஒரு தொலைபேசி, ஓர் ஒலிபெருக்கி, உரிய வேளையில் பிறர்மேல் வைத்த அக்கறை, இம்மூன்றுமே அல்லவா?

நிற்க, நான்காம் நாள் நடந்த கூத்தைப் பாருங்கள். டிசம்பர் 30 ந் தேதி, பூகம்பத்தை முன்கூட்டியே சொல்ல வல்லோமென்ற ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பேச்சைக் கேட்டு, "மறுபடியும் அலை வரலாம்" என்று மத்திய உள்துறையே எச்சரித்துவிட்டது. பிணம் எடுத்தவர்களும் சோறு போட்டவர்களும் வேலையை விட்டு ஓடினார்கள். அலை வரவில்லை. விஞ்ஞான இலாகா மந்திரியே அது வெறும் பேச்சென்றார். இரண்டு மணி நேரம் இருந்தும் உண்மை வந்து சேரவில்லை. பொய்யோ சர்க்கார் முத்திரையோடு நொடியில் வந்தது!

இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாய்த் தெரிந்துகொள்ள வேண்டும். இன்ன தேதி, இன்ன மணிக்குப் பூமி அதிருமென்று சொல்லும் சக்தி இன்றுவரை எந்த விஞ்ஞானிக்கும் இல்லை. அப்படியிருக்கப் பஞ்சாங்கக்காரனுக்கு எங்கிருந்து வந்தது? ஆனால் அதிர்ந்த பிறகு, அலை எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு வருமென்று கணக்கிட முடியும். முன்னது ஜோசியம், பின்னது கணக்கு. 2007 முதல் ஹைதராபாத்தில் அதற்கென்றே ஒரு மையம் வேலை செய்கின்றது. 2012 ஏப்ரல் 11 ந் தேதி சுமத்ரா அருகே மறுபடியும் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது. பெரிய அலை இல்லையென்று கண்டதும் அதை வாபஸ் வாங்கினார்கள். இதைப் பொய்யென்று பரிகசிப்பது தவறு. அறிந்ததைச் சொல்லி, மேலும் அறிந்ததும் திருத்துவதே அறிவின் லட்சணம்.

மற்றொரு விந்தை, எண்ணிக்கை தெரியுமுன்பே காரணம் தெரிந்துவிடுவதாகும். 1934 ஜனவரி 15 ந் தேதி பீகாரில் பூமி அதிர்ந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பத்தாம் நாளுக்குள் திருநெல்வேலியில் காந்தியார், இது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார். தாகூர் அதை மறுத்து, இயற்கையின் நிகழ்ச்சிக்கு இயற்கையே காரணமென்றார். தீண்டாமை கொடுமைதான், அதைக் கொடுமையென்று சொல்லப் பூகம்பம் எதற்கு? அப்பூகம்பம் தீண்டாதார் குடிசையைத் தீண்டாமல் விட்டுவிட்டதா?

முதல் மணிகளில் வரும் சேதிக்கு இன்னொரு குணமுண்டு. அதிகம் அடிபட்ட ஊர் அதிகம் பேசாது. 2001 ஜனவரி 26 ந் தேதி குஜராத் அதிர்ச்சியில் முதலில் கேட்டது ஆமதாபாத்தின் குரல். கம்பியறுந்து கிடந்த பூஜ் நகரமே பெரிதும் அழிந்திருந்தது. ஆகையால் சத்தம் வரும் திசையை மட்டும் பார்ப்பவன் ஏமாறுவான்.

இன்று நம்மவர் ஒவ்வொருவர் மடியிலும் கைப்பேசி இருக்கின்றது. அந்த நல்லவாட்டுப் பிள்ளைக்கிருந்த வசதி இன்று எல்லோருக்கும் இருக்கின்றது. அதில், யார் எழுதியதென்று தெரியாத புளுகைப் பத்துப் பேருக்குத் தள்ளிவிடுவதா, கேட்டறிந்த மெய்யை ஆபத்திலிருப்பவனுக்கு உடனே சொல்வதா? பொய் எச்சரிக்கையில் ஒருமுறை ஓடி ஏமாந்தவன், மெய் எச்சரிக்கை வரும்போது படுத்துக்கொண்டிருப்பான். ஆதலால் வதந்தி பரப்புவது வெறும் வம்பளப்பல்ல. பின்னால் சாகப்போகிறவனின் காதை இன்றே அடைப்பதாகும்.

சர்க்காரை நாம் கேட்பதும் ஒன்றே. ஹைதராபாத்தின் கணக்கு மந்திரியின் மேஜையோடு நிற்காமல், குப்பந்தோறும் ஓர் ஒலிபெருக்கியாய் ஒலிக்கட்டும். அதன் சாவியும் அக்குப்பத்தாரிடமே இருக்கட்டும்.