“அசல்தானே, தம்பி?”

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை எங்கள் கடை வாசலில் நின்று ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விதான் இக்கட்டுரையின் தலைப்பு. “ஆமாம் சார், எல்லாம் அசல்” என்று விடை சொன்னேன். அது பொய் என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். இதையெல்லாம் கல்லூரி மலரில் எழுத வேண்டுமா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். எழுதலாம் என்பதே என் எண்ணம். நாம் ஆய்வுக்கூடத்தில் கற்பது எதுவரை உதவுகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை அந்தப் பொய்யின் வழியாகத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

என் தந்தையார் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். சென்னையில் காயலான் கடை என்பார்கள். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதல். கடைக்குச் சைக்கிள் சட்டமும் உடைந்த குக்கரும் வருவதைப் போலவே பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளும் வரும். 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பிறகு, வசதியுள்ள வீடுகளில் மட்டும் நுழைந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் அவை. மரக் கூடு, இருபுறமும் இழுத்து மூடும் ஷட்டர் கதவு, கீழே நான்கு கால்கள். சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே செய்தவையும் உண்டு. 1982-இல் வண்ணம் வந்தது. 2006-க்குப் பிறகு அரசே வண்ணப் பெட்டி வழங்கியது. மரப்பெட்டிகள் பரணுக்கு ஏறின. பரணிலிருந்து எங்கள் கடைக்கு இறங்கின.

அவற்றை உடைத்துச் செம்பையும் அலுமினியத்தையும் தனித்தனியே எடை போடுவதுதான் எங்கள் வழக்கம். இப்போது ஒரு புதிய வகை வாடிக்கையாளர் வருகிறார். கடைகளிலும் விடுதிகளிலும் அலங்காரமாக வைக்கப் பழைய பெட்டியை முழுதாகக் கேட்கிறார். அப்படி வந்தவர்தான் அவர். அவர் விரும்பிய பெட்டியில் திரையைச் சுற்றி ஓடும் பொன்னிறப் பட்டையில், தச்சர்கள் பீடிங் என்று சொல்வார்களே அதில், இடப்பக்கத்துத் துண்டு இல்லை. அவர் மறுநாள் வருவதாகச் சொல்லிப் போனார். நான் அன்றிரவே இன்னொரு பெட்டியின் வலப்பக்கப் பட்டையைக் கழற்றி, 46 சென்டிமீட்டரை 43 ஆக அறுத்து, பசை போட்டு ஒட்டினேன். நிறம் அப்படியே பொருந்தியது. விலை 3,000 ரூபாய். என் தேர்வுக் கட்டணமும் தங்கையின் பள்ளிச் செலவும் அதில் அடங்கின.

இரண்டு நாள் கழித்து, எங்கள் தெருவில் ரேடியோ, தொலைக்காட்சி பழுது பார்த்து முதுமை எய்திய மாமா ஒருவரிடம் அந்தப் பெட்டியின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “ஏண்டா, ஒரு பக்கம் மூணு கோடு ஓடுது, இன்னொரு பக்கம் ரெண்டு கோடுதானே இருக்கு?” என்றார். பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மைதான். அலுமினியத்தை அச்சின் வழியே அழுத்தி நீளமாக இழுக்கும்போதே அந்தக் கோடுகள் விழுந்துவிடுகின்றன. அச்சு வேறானால் கோடும் வேறு. நான் நிறத்தை மட்டுமே பார்த்திருந்தேன்.

ஓர் உலோகப் பட்டையைக் கையில் எடுத்ததும் நாம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும் என்று அன்று தோன்றியது. இது என்ன உலோகம் என்பது ஒன்று. இது இந்தப் பெட்டிக்கே உரியதா என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை தெரிந்ததும் இரண்டாவதற்கும் தெரிந்துவிட்டதாக நினைப்பதுதான் என்னைப் போன்ற அறிவியல் மாணவனுக்கு நேரும் பிழை.

முதற் கேள்வி எளிது. காந்தம் ஒட்டினால், மேலே குரோமிய முலாம் பளபளத்தாலும், உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளையோ அலுமினியமோ முலாமிட்ட பிளாஸ்டிக்கோ ஆகலாம். அறுத்தெடுத்த எங்கள் மிச்சத் துண்டைப் பேராசிரியரின் அனுமதியோடு ஆய்வுக்கூடத்தில் நிறுத்தேன்: 5.4 கிராம். அளவுக் குடுவையில் இட்டபோது உயர்ந்த நீர் 2 மில்லிலிட்டர். அடர்த்தி 2.7, ஐயமின்றி அலுமினியம். பித்தளையாக இருந்தால் 8.5-ஐ ஒட்டி வந்திருக்கும். (என் தந்தையார் அதே துண்டைக் கன்னத்தில் வைத்து, கையில் ஒருமுறை தூக்கிப் போட்டு, “அலுமினியம்” என்று முன்னமே சொல்லியிருந்தார். குளிர்ச்சி பிளாஸ்டிக் இல்லை என்றது. எடை பித்தளை இல்லை என்றது. குடுவை அவருக்குத் தேவைப்படவில்லை.)

அலுமினியம் பொன்னிறமானது எப்படி? சாயம்தான். ஆனால் பூச்சு அன்று. அலுமினியத்தைக் கந்தக அமிலத் தொட்டியில் நேர்மின்வாயாகத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், அதன் மேல் ஆக்சைடு படலம் வளர்கிறது. அதன் நுண்துளைகளில் சாயத்தை ஏற்றிச் சுடுநீரில் அடைக்கிறார்கள். இந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. மீட்டரின் இரு முனைகளையும் பட்டையின் மேல் மெல்ல வைத்தால் முள் அசையாது. கண்ணுக்குத் தெரியாத பின்புறத்தில் சுரண்டிவிட்டு வைத்தால் அசையும். பித்தளை என்று நினைத்து இதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால், சாம்பலின் காரம் படலத்தை அரித்துப் பொன்னிறம் போய் வெளுத்துவிடும். நானே மிச்சத் துண்டின் ஒரு முனையைத் தேய்த்து வெளுக்க வைத்தேன். திரும்பக் கொண்டுவர வழியில்லை.

இரண்டாவது கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் கருவி இல்லை. இரு பட்டைகளும் அலுமினியமே. அடர்த்தி இரண்டுக்கும் 2.7-தான். இங்கே பட்டையைவிட மரமே சாட்சி. பல ஆண்டுகள் வெளிச்சம் பட்ட வார்னிஷ் நிறம் மாறியிருக்கும். பட்டைக்கு அடியில் மாறாமல் நிழல் போல ஒரு கோடு நிற்கும். அந்த நிழலின் அகலமும் பட்டையின் அகலமும் ஒன்றா? நான் விற்ற பெட்டியில் நிழல் 10 மில்லிமீட்டர். நான் ஒட்டிய பட்டை 8. மூலையில் பட்டைகள் சாய்வாகச் சேரும் இடம் ஆலை வெட்டா, ஹாக்சா வெட்டா? ஆணித் துளைகள் பழைய துளைகளில் விழுகின்றனவா, பக்கத்தில் புதிதாகத் தோண்டப்பட்டனவா? பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே ஊறிய அழுக்கு தொடர்ச்சியாக இருக்கிறதா? தேய்மானம் கை படும் இடத்தில் இருக்கிறதா? ஷட்டர் பிடியருகே தேய்ந்தும், எட்டாத மேல் மூலையில் புதுக்கருக்கு மாறாமலும் இருந்தால் நம்பலாம். எல்லா இடமும் ஒரே அளவு பழையதாகத் தோன்றினால் நான் நம்பமாட்டேன். பெயர்த் தகட்டுக்கும் இதே சோதனைதான். பெயர் போன நிறுவனத்தின் தகட்டை எந்தப் பெட்டியிலும் ஒட்டிவிடலாம். அடியிலுள்ள துளைகளின் இடைவெளியை மாற்ற முடியாது.

ஆகையால் எதையும் மெருகேற்றுவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்கிறேன். பித்தளையின் ஓரத்துக் களிம்பும் திருகு தலையின் துருவும் அழுக்கு மட்டும் அல்ல. யாரும் அங்கே கை வைக்கவில்லை என்பதற்கு அவைதாம் ஆதாரம். தேய்த்த மறுநிமிடம் அது போய்விடுகிறது.

“அலங்காரத்துக்கு வைக்கும் பெட்டிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?” என்று விடுதித் தோழர் ஒருவர் சிரித்தார். சிலர் அந்தப் பெட்டிகளை மீண்டும் ஓட வைக்கிறார்கள் என்பதை அவர் மறந்துவிட்டார். பழைய பெட்டிகள் பலவற்றில் உள்ளேயிருக்கும் சேசிஸ் என்னும் இரும்புச் சட்டம் மின்சார லைனோடு நேரடியாக இணைந்திருக்கும். பிளக்கை எந்தப் பக்கம் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து அதில் 230 வோல்ட் நிற்கலாம். அதனால்தான் குமிழ்களைப் பிளாஸ்டிக்கில் செய்து, அவற்றின் திருகைக் கை படாத ஆழத்தில் புதைத்தார்கள். அங்கே அழகுக்காக ஓர் உலோகக் குமிழையோ, பட்டைக்கு அளவை மீறிய நீளத் திருகையோ போட்டால், அது உள்ளே சேசிஸைத் தொட்டு, வெளியே தொடுபவரின் கைக்கு மின்சாரத்தைக் கொண்டுவரும். நான் பசை போட்டு ஒட்டியதால் தப்பித்தேன். திருகு கிடைத்திருந்தால் திருகியிருப்பேன். மேலும், இணைப்பைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக்கூடும் என்பதால், பின்மூடியைத் திறக்கும் வேலையை மாமா போன்றவர்களிடமே விட்டுவிடுவது நல்லது.

மாற்றுப் பட்டை போடுவதே குற்றம் என்று நான் வாதிடவில்லை. இல்லாததற்கு வேறொன்றை வைத்துத்தான் ஆக வேண்டும். எதை, எப்போது, எங்கிருந்து எடுத்து வைத்தோம் என்று ஒரு சீட்டு எழுதிப் பின்மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டால் அந்தப் பெட்டி யாரையும் ஏமாற்றாது. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஆனால் அப்படி எழுதினால் 3,000 ரூபாய் கிடைக்குமா? கிடைத்திருக்காது. 2,000 என்று பேரம் பேசியிருப்பார். அந்த ஆயிரம் ரூபாய்க்கு அன்று எங்கள் வீட்டில் தேவை இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் வாங்கியவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அதைக் கைமாத்தி ஒரு வாரம் ஆச்சு தம்பி, விடு” என்றார். யாரிடம் போனது என்று கேட்டேன், சொல்லவில்லை. அந்தப் பெட்டி இப்போது எங்கோ ஒரு கூடத்தில் அசல் என்ற பெயரோடு நிற்கிறது.

எனக்கு அதைவிட வருத்தம் தருவது எங்கள் கடையிலேயே இருக்கும் மற்றப் பெட்டிதான். நான் கை வைக்கும் வரை அதில் நான்கு பட்டைகளும் முதல் நாள் அடித்த ஆணியோடு இருந்தன. இப்போது வலப்பக்கம் வெறும் நிழல். என்ன செய்தேன் என்று சீட்டெழுதி உள்ளே ஒட்டியிருக்கிறேன். தீபாவளிக்குள் விற்காவிட்டால் உடைத்து எடைக்குப் போட்டுவிடுவதாக அப்பா சொல்லியிருக்கிறார், கடையில் இடமில்லை.

இதைப் படிக்கும் நண்பர்கள், பேராசிரியப் பெருமக்கள் எவர் வீட்டுப் பரணிலாவது உடைந்த மரப்பெட்டி கிடந்தால் ஒருமுறை பாருங்கள். வேண்டியது பொன்னிற அலுமினியப் பட்டை ஒன்று: அகலம் 8 மில்லிமீட்டர், நீளம் 46 சென்டிமீட்டருக்குக் குறையாமல், மேலே இரண்டு கோடுகள். தேய்க்காமல் கொண்டுவாருங்கள்.