பொது என்றால் யாருக்கு?

ஜூன் 4 அன்று திருவொற்றியூர் தேரடியில் வெடித்த பட்டாசில் எனக்கும் மகிழ்ச்சிதான். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களிலும் பாஜகவுக்குப் பூஜ்ஜியம். சாதியை எதிர்க்கும் எவருக்கும் அது சின்ன நிம்மதி அல்ல.

ஆனால் எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று இந்த முடிவைப் பாருங்கள். தென்கரை வடசென்னை, பொதுத்தொகுதி. திமுகவின் கலாநிதி வீராசாமி சுமார் 3.39 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வடகரை திருவள்ளூர், தனித்தொகுதி. காங்கிரஸின் சசிகாந்த் செந்தில் 5.72 லட்சம் வித்தியாசத்தில் வென்றார்; மாநிலத்திலேயே அதிகம்.

வாக்குப்பதிவுக்கு நான்கு மாதம் முன்பு, மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்கிவந்தது. அது தொகுதி எல்லை பார்க்கவில்லை. காட்டுக்குப்பத்து வலையும் கறுத்தது, கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளரின் பிழைப்பும் போனது. டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்துப் பக்கம் அமோனியா. முக்காட்டை மூக்கில் அழுத்திக்கொண்டு ஓடியவர்களில் என் சித்தியும் ஒருவர். ஏப்ரல் 19 அன்று அவரும் வரிசையில் நின்றார், பாஜக வரக்கூடாது என்பதற்காக. அந்த ஓட்டை ஆலைகளுக்கான ஒப்புதலாக யாரும் வாசிக்க வேண்டாம். மூன்று லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தவருக்கு ஒரு குப்பத்தின் கோபம் எங்கே உறைக்கப்போகிறது என்பது வேறு கதை.

என்னை உறுத்துவது இன்னொன்று. ஆற்றைத் தாண்டினால் தலித் வேட்பாளருக்கு இடம் உண்டு, சட்டம் சொல்வதால். இந்தக் கரையில்? 'பொது' என்ற சொல்லுக்கு நம் பெரிய கட்சிகள் 'தலித் அல்லாதவர்' என்றே பொருள் வைத்திருக்கின்றன. வடசென்னையின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் திரு.வி.க. நகர் ஒன்றுதான் தனி. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் ஆலைகளில் ஒப்பந்தக் கூலிகளாக இருப்பவர்களும் அதற்குள் மட்டுமா வாழ்கிறார்கள்?

"நிறுத்தினால் ஜெயிக்க முடியாது தோழர்" என்பார்கள். திருவள்ளூரைக் காட்டி நான் மறுக்க மாட்டேன், அங்கே எதிர்த்து நின்றவர்களும் பட்டியல் சாதியினர்தான். திருச்சியைக் காட்டுகிறேன். 2001 இடைத்தேர்தலில் அந்தப் பொதுத்தொகுதியில் அதிமுக தலித் எழில்மலையை நிறுத்தியது, அவர் வென்றார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டன. சமூகநீதியைத் தன் பெயராகவே சொல்லிக்கொள்ளும் திமுகவுக்கு அதைச் செய்ய என்ன தடை?

திருவொற்றியூரும் பொதுத்தொகுதிதான். வேட்பாளர் பட்டியல் வந்தபிறகு கேட்டுப் பயனில்லை, இப்போதே கேட்க வேண்டும்.